சர்வர் அறையின் தொலைக் கண்காணிப்பு: எச்சரிக்கை எந்த வழியாக, யாரிடம் போய்ச் சேர வேண்டும்?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொங்குப் பகுதியில் உள்ள நடுத்தர மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சர்வர் அறை பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி அகலம், பத்து அடி உயரம் கொண்டது. நோயாளிப் பதிவு, ஆய்வக முடிவுகள், ஸ்கேன் படங்களின் சேமிப்பகம் ஆகிய மூன்றும் அங்குள்ள ஒன்றரை ரேக் (கருவிகளை அடுக்கும் இரும்பு அலமாரி) கருவிகளில் இயங்குகின்றன. யுபிஎஸ் திரையில் தெரியும் சுமை ஏறத்தாழ 4 கிலோவாட். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிகள் இரண்டு உள்ளன. டைமர் ஒன்று அவற்றை மாற்றி மாற்றி ஓட்டுகிறது.

அண்மையில் ஒரு சனிக்கிழமை, துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை அறிவித்திருந்தார்கள். பகல் முழுவதும் ஜெனரேட்டரில் எல்லாம் ஒழுங்காக ஓடின. மாலையில் வாரிய மின்சாரத்துக்கு மாறியபோது அணைந்த ஏசிகள் இரண்டும் மறுபடி எழவே இல்லை. இரவில் ஸ்கேன் பிரிவினர் படங்கள் திறக்கவில்லை என்று அழைத்தபின் அறைக்கதவைத் திறந்தால் வெப்பமானி 46 டிகிரி காட்டியது. இரண்டு சர்வர்கள் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டிருந்தன. எங்கள் கண்காணிப்பு மென்பொருளான ஸாபிக்ஸ் மாலை ஐந்தரைக்கே எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. அது போய்ச் சேர்ந்த அலுவலக அஞ்சல் பெட்டியை சனிக்கிழமை மாலையில் திறந்து பார்க்க யாருமில்லை.

நிர்வாகம் இதற்கென அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. "வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருமாறு செய்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பதிலாக எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்பணியாளர் எழுதியது:

கண்காணிப்புக்குப் போகுமுன் ஏசி ஏன் எழவில்லை என்பதைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அதுதான் அடுத்த மின்தடையிலும் நடக்கப்போகிறது. உங்கள் டைமர் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் வகையா, அல்லது ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கட்டளை அனுப்பும் வகையா? இரண்டாவது வகையாக இருந்து, ஏசிகளுக்கு ஸ்டெபிலைசரும் இருந்தால் காரணம் கையிலேயே இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் டைமர் உடனே விழித்து "ஓடு" என்ற கட்டளையை ஒரு முறை அனுப்பிவிடும். கம்ப்ரசரைக் காப்பதற்காக ஸ்டெபிலைசரோ சுமார் மூன்று நிமிடம் கழித்துத்தான் ஏசிக்கு மின்சாரம் விடும். கட்டளை வந்த நேரத்தில் ஏசிக்கு மின்சாரமே இல்லை. மின்சாரம் வந்தபோது கட்டளை இல்லை. ஏசியில் தானே மறுபடி ஓடத் தொடங்கும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் டைமரின் தொடக்கத் தாமதத்தை ஐந்து நிமிடத்துக்கு உயர்த்துங்கள்.

அடுத்து, உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சர்வர்கள் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. உங்கள் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். அதில் உள்ள காற்றின் எடை சுமார் 40 கிலோ. அந்தக் காற்றை ஒரு டிகிரி உயர்த்த 40 கிலோஜூல் போதும். 4 கிலோவாட் சுமை அதைப் பத்து விநாடியில் கொடுத்துவிடும். காற்று மட்டுமே வெப்பத்தை வாங்குவதாகக் கொண்டால் நிமிடத்துக்கு ஆறு டிகிரி ஏற வேண்டும். சுவர், தரை, ரேக்கின் இரும்பு ஆகியவை பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் உண்மையில் இதைவிட மெதுவாகவே ஏறும். நான் பராமரிக்கும் இதே அளவு அறை ஒன்றில் ஏசியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தபோது 23 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்குப் போக இருபது நிமிடம் ஆனது. நீங்களும் ஒரு விடுமுறை நாளில், ஆட்களை அருகில் வைத்துக்கொண்டு, இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். எச்சரிக்கை கிடைத்தபின் அறைக்கு ஆள் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகலாம் என்பதை அந்த ஒரு எண்தான் உங்களுக்குச் சொல்லும்.

மின்தடையில் யுபிஎஸ் சர்வர்களைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. ஆகவே பேட்டரி எவ்வளவு பெரியதோ அவ்வளவு நேரம் குளிரூட்டல் இன்றிச் சர்வர்கள் ஓடும். பேட்டரியைப் பெரிதாக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

மின்பணியாளர் சொன்ன இருபது நிமிடத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, எச்சரிக்கை செல்லும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறையில் எது பழுதானாலும் அதனால் பாதிக்கப்படாத ஒரு வழி இருக்க வேண்டும். மின்னஞ்சல், வாட்ஸ்அப், டெலிகிராம் ஆகிய மூன்றும் மூன்று வழிகளைப் போலத் தோன்றினாலும், உங்கள் இடத்தில் அவை ஒரே ரேக்கில் உள்ள ஒரே ஸ்விட்ச் (கருவிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டி), ஒரே ஃபயர்வால் (வலையமைப்பின் பாதுகாப்பு அரண்), ஒரே இணைய இணைப்பு வழியாகத்தான் வெளியே போகின்றன. அந்த ஸ்விட்ச் நின்றால் மூன்றும் சேர்ந்து ஊமையாகிவிடும். ஆகவே சிம் போட்ட மோடம் ஒன்றைக் கண்காணிப்புக் கருவியிலேயே நேராகச் செருகுங்கள். அதற்கும் கருவிக்கும் யுபிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் கொடுங்கள். முடிந்தால் தனிச் சிறு பேட்டரி ஒன்றும் வையுங்கள், ஏனென்றால் யுபிஎஸ்ஸே பழுதானால் அதைத் தெரிவிக்கவும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ரேக்கின் இரும்புக் கதவுகள் சிக்னலைக் குறைக்கும் என்பதால் ஆன்டெனாவை வெளியே இழுத்து சன்னலோரம் பொருத்துங்கள்.

மோடம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மோடம்களில் பல 2ஜி மட்டுமே பேசுபவை. ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. எனவே அந்த சிம் அவற்றில் வேலை செய்யாது. இப்போது வாங்குவதாக இருந்தால் 4ஜி மோடமாகவே வாங்கிவிடுங்கள்.

"மோடம் எதற்கு, இணையத்தின் வழியே மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையை வாங்கிக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்வார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ், நிறுவனத்தின் பெயரில் அனுப்பப்படும் குறுஞ்செய்திகளுக்கு அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்புருவையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2021 முதல், பதிந்த வார்ப்புருவோடு பொருந்தாத செய்திகள் வழியிலேயே தடுக்கப்படுகின்றன. ஸாபிக்ஸ் உருவாக்கும் செய்தியில் கருவியின் பெயர் சற்று நீண்டுவிட்டாலோ, யாரோ ஒருவர் எச்சரிக்கையின் வாசகத்தைத் திருத்திவிட்டாலோ அது வராமலே போகும். வரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாது. அந்தச் சேவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை இரண்டாவது வழியாக வையுங்கள்.

இரவில் குறுஞ்செய்தி யாரையும் எழுப்பாது. உயிர்போகும் எச்சரிக்கைகளுக்கு மோடம் தொலைபேசி அழைப்பே விடுக்க வேண்டும். அந்த எண்ணை எல்லோருடைய கைபேசியிலும் சேமித்து, தொந்தரவு செய்யாதே என்ற நிலையில் இருந்தாலும் ஒலிக்கும்படி விலக்கு அளித்து வைக்கச் சொல்லுங்கள். அழைப்பை எடுத்தவர் ஏதேனும் ஓர் எண்ணை அழுத்தி "நான் பார்க்கிறேன்" என்று உறுதி செய்யாவிட்டால் ஐந்து நிமிடத்தில் அடுத்தவருக்கும், அவரும் எடுக்காவிட்டால் மேலாளருக்கும் அழைப்பு போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவின் குறை இதில்தான் இருக்கிறது: பதினைந்து பேர் பார்க்கிறார்கள், யார் பொறுப்பேற்றார் என்று எவருக்கும் தெரிவதில்லை.

தாமிரபரணி எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும், கண்காணிக்கும் கருவி உயிரோடு இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. அந்தக் கருவியே நின்றுபோனால் எந்த எச்சரிக்கையும் வராது. எல்லாம் நலம் என்ற நிலையிலும் எந்த எச்சரிக்கையும் வராது. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். ஒஹையோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனக் கட்டுப்பாட்டறையில் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2.14 மணிக்கே நின்றுபோயிருந்தது. பின்னர் அதன் முதன்மை சர்வரும் மாற்று சர்வரும் அடுத்தடுத்து விழுந்தன. மின்தடங்கள் ஒவ்வொன்றாக மரங்களில் உரசித் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது கட்டுப்பாட்டறைத் திரைகள் அமைதியாக இருந்தன. அண்டை நிறுவனங்களிலிருந்து தொலைபேசி வழியே கேள்விகள் வந்தும், திரையில் ஒன்றும் இல்லாததால் பணியாளர்களால் நிலைமையை உணர முடியவில்லை. நான்கு மணியைத் தாண்டியதும் எல்லாம் சரிந்தது. அந்த மென்பொருளில் இருந்த பிழையைவிட, எச்சரிக்கை அமைப்பு நின்றுவிட்டது என்று அறிவிக்க எதுவும் இல்லாமல் போனதுதான் ஒரு மணி நேரத்துக்கும் மேலான அவகாசத்தை விழுங்கியது என்பது என் கருத்து.

உங்கள் அறைக்கு இதை எளிதாகச் செய்யலாம். கண்காணிப்புக் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியுலகில் உள்ள ஒரு சர்வருக்கு "இருக்கிறேன்" என்று ஒரு சிறு அழைப்பை அனுப்பட்டும். பதினைந்து நிமிடம் அந்த அழைப்பு வராவிட்டால் வெளியில் உள்ள சர்வர் உங்களை அழைக்கட்டும். இதற்கென்றே ஹெல்த்செக்ஸ் போன்ற திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன. மலிவான வாடகை சர்வரில் நீங்களே நிறுவிக்கொள்ளலாம். வெளியிலுள்ள அந்த சர்வர் மருத்துவமனையின் எந்த வலையமைப்பையும் சார்ந்திருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

சென்சார்களுக்கும் இதே விதிதான். கம்பி அறுந்த வெப்ப சென்சார் சில நேரம் கடைசியாக அளந்த மதிப்பையே காட்டிக்கொண்டிருக்கும். டிஎஸ்18பி20 வகைச் சென்சார் மின்சாரம் தடைபட்டு மீளும்போது 85 டிகிரி என்ற தொடக்க மதிப்பைத் தரும். அதை அப்படியே நம்பினால் நள்ளிரவில் வீண் அழைப்பு வரும். ஸாபிக்ஸில் குறிப்பிட்ட நேரம் தரவு வராவிட்டால் எச்சரிக்கும் நோடேட்டா என்ற செயற்கூறு உண்டு. ஒவ்வொரு சென்சாருக்கும் அதைக் கட்டாயமாகப் போடுங்கள். மதிப்பு இரண்டு மணி நேரமாகத் துளியும் மாறாமல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். உயிருள்ள சென்சார் ஒரே எண்ணில் உறைந்து நிற்காது.

யுபிஎஸ்ஸிலிருந்து வரும் எஸ்என்எம்பி ட்ராப் செய்திகளை (கருவி தானாக வலையமைப்பு வழியே அனுப்பும் அறிவிப்புகளை) மட்டும் நம்பியிருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். ட்ராப், ஒப்புகை கேட்காத யுடிபி முறையில் போகிறது. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய கருவிக்குத் தெரியாது. ஆகவே ட்ராப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களாகவும் யுபிஎஸ்ஸைக் கேளுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

மின்பணியாளர் ஐயாவுக்கு மிக்க நன்றி. டைமர் அகச்சிவப்பு வகைதான். இரண்டு ஏசிகளுக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. இன்று மதியம் பிரேக்கரை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். நீங்கள் சொன்னபடியே டைமர் தன் கட்டளையை முதல் நிமிடத்திலேயே அனுப்பிவிட்டு அமைதியாகிவிட்டது. ஸ்டெபிலைசரின் பச்சை விளக்கு எரிந்தது மூன்று நிமிடம் கழித்துத்தான். ஏசிகளில் தானே தொடங்கும் வசதியை இயக்கிவிட்டோம்.

இனி என் இரண்டு கேள்விகள். எந்த வெப்பநிலையில் எச்சரிக்கை அடிக்க வேண்டும்? ஒரு கட்டத்துக்கு மேல் சர்வர்களைத் தானியங்கியாக நிறுத்திவிடும்படி அமைக்கலாமா? மருத்துவமனை என்பதால் இரண்டாவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

கருவிக்கூடம் எழுதியது:

நான் ரசாயன ஆலை ஒன்றில் கருவியியல் பிரிவில் இருக்கிறேன். எச்சரிக்கைகளைக் கையாள்வதில் ஆலைத் துறை அடிபட்டுக் கற்றதைச் சர்வர் அறைக்காரர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. ஆகையால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்கள். குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே 2004இல் சர்வரின் முன்பக்கக் காற்றுக்கு 20 முதல் 25 டிகிரி வரை பரிந்துரைத்தது. 2008இல் அதை 18 முதல் 27 வரை என்று விரித்தது. இதைத் தவிர அனுமதிக்கத்தக்க வரம்பு என்றும் ஒன்று உண்டு. ஆஷ்ரே வகுத்த பிரிவுகளில் ஒன்றான ஏ2 வகுப்புக் கருவிகளுக்கு அது 10 முதல் 35 டிகிரி வரை. இவை அறையின் வெப்பநிலைகள் அல்ல, சர்வர் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலைகள். ஆகவே சென்சாரை ஏசியின் வாய்க்கு நேரே தொங்கவிடாதீர்கள். ரேக்கின் முன்பக்கம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒன்று, கீழே ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று வையுங்கள். சூடான காற்று மேலே சுழன்று மறுபடி முன்பக்கம் வருவது மேல் சென்சாரில்தான் முதலில் தெரியும்.

உங்கள் அறைக்கு 28இல் தகவல், 31இல் குறுஞ்செய்தி, 34இல் தொலைபேசி அழைப்பு என்று தொடங்கலாம். 31ஐத் தொட்டதும் அடித்து, 30.9இல் அடங்கி, மறுபடி 31இல் அடிக்கும்படி விட்டுவிடாதீர்கள். 31இல் எழுந்த எச்சரிக்கை 28க்குக் கீழே வந்தால்தான் அடங்க வேண்டும். ஸாபிக்ஸில் மீட்பு நிபந்தனையைத் தனியாக எழுத இடமிருக்கிறது. அளவோடு வேகத்தையும் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று டிகிரி ஏறினால், வெப்பம் இன்னும் 26ஆக இருந்தாலும் ஏசி நின்றுவிட்டது என்றே பொருள். 34 வரை காத்திருந்தால் இருபது நிமிடத்தையும் இழந்துவிடுவீர்கள். இதைவிடவும் முந்திக்கொள்ள வேண்டுமானால் ஏசியின் மின்கம்பியில் மின்னோட்ட சென்சார் ஒன்றை மாட்டுங்கள். ஓட வேண்டிய ஏசி சில நிமிடமாக மின்னோட்டம் இழுக்கவில்லை என்பது வெப்பமானி பேசும் முன்பே தெரிந்துவிடும். கம்ப்ரசர் இடையிடையே ஓய்வெடுப்பது இயல்பு என்பதால் அந்த அவகாசத்தை உங்கள் ஏசியின் நடத்தையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் உள்ள மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையில் வெடிவிபத்து நடந்தது. அதற்கு முந்தைய பதினொரு நிமிடத்தில் இரண்டு பணியாளர்களுக்கு 275 எச்சரிக்கைகள் வந்ததாக பிரிட்டன் அரசின் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. 275ஐயும் படிப்பதற்கே அவர்களுக்கு நேரமில்லை. எது முக்கியம் என்று பிரித்தறிவது எப்படி முடியும்? அதன்பின் பிரிட்டனில் 1999இல் வந்த, எச்சரிக்கை அமைப்புகளுக்கான ஈஈஎம்யூஏ 191 வழிகாட்டி, இயல்பான இயக்கத்தில் ஒரு பணியாளருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் எச்சரிக்கை வரக் கூடாது என்ற அளவுகோலை வைத்தது. அந்த அளவுகோல் கட்டுப்பாட்டறையில் விழித்து உட்கார்ந்திருப்பவருக்கானது. வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் கணினிப் பிரிவு ஊழியருக்கு மாதத்துக்கு ஓரிரு அழைப்புகளே அதிகம்.

உங்கள் முதன்மை ஸ்விட்ச் நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பின்னால் உள்ள நாற்பது கருவிகள் ஒவ்வொன்றும் "கிடைக்கவில்லை" என்று கண்காணிப்புக் கருவி உங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்தி அனுப்பும். சிம்மில் ஒரு நாளைக்கு இலவசமாக இருக்கும் நூறு குறுஞ்செய்தியும் சில நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதன்பின் வர வேண்டிய வெப்ப எச்சரிக்கைக்கு இடமிருக்காது. ஸாபிக்ஸிலும் அதைப் போன்ற நாகியோஸிலும் எது எதைச் சார்ந்தது என்று வரையறுக்கலாம். ப்ரோமித்தியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளின் அலர்ட்மேனேஜர் எச்சரிக்கைகளைத் தொகுப்பதையும் அடக்குவதையும் செய்யும். இந்த வேலையை நிறுவும் நாளிலேயே செய்துவிடுங்கள். பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் எவரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கும் முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது வந்ததும் பெறுபவர் எழுந்து என்ன செய்வார்? பதில் இல்லையென்றால் அது நாட்குறிப்பில் பதியட்டும், ஆளை எழுப்ப வேண்டாம். நம் ஊரில் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுவது அன்றாடம் நடப்பது. ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஐந்து நிமிடமாகியும் பேட்டரியிலேயே ஓடுகிறது என்றால் ஜெனரேட்டர் எழவில்லை. அது அழைக்க வேண்டிய செய்தி.

மேகத்தளம் எழுதியது:

இவ்வளவையும் நீங்களே கட்டிப் பராமரிப்பது அவசியமா என்று கேட்க விரும்புகிறேன். வைஃபை வெப்ப சென்சார்கள் செயலியோடு சேர்ந்தே சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அதைவிட, நோயாளிப் பதிவையும் படங்களையும் மேகக் கணினிச் சேவைக்கு மாற்றிவிட்டால் அறையே தேவைப்படாது. பெரிய தரவு மையங்களில் இந்தக் கவலைகளைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள்.

இரவுப்பணி எழுதியது:

வைஃபை சென்சார் நல்லதுதான், ஆனால் மருத்துவமனையின் வைஃபை அதே ரேக்கிலிருந்து வருகிறது. அது விழும்போது செயலியில் கடைசியாக வந்த 24 டிகிரி நின்றுகொண்டிருக்கும். தனி சிம் ரவுட்டரில் அதை இணைத்து, தொடர்பு அறுந்தால் எச்சரிக்கும் வசதியும் இருந்தால், தாராளமாக இரண்டாவது சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

மேகச் சேவைக்கு மாறுவது வேறு விவாதம். மாறினாலும் ஸ்விட்ச், ஃபயர்வால், யுபிஎஸ், ஸ்கேன் கருவிகளுக்கு அருகில் இருக்க வேண்டிய சேமிப்பகம் ஆகியவை அந்த அறையில்தான் இருக்கப்போகின்றன. பெரிய தரவு மையங்களும் வெப்பத்துக்கு விலக்கல்ல. 2022 ஜூலை 19 அன்று லண்டனில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது கூகுள், ஆரக்கிள் இரண்டின் லண்டன் மையங்களிலும் குளிரூட்டல் பழுதாகிச் சேவை பாதிக்கப்பட்டது.

மின்பணியாளர் எழுதியது:

தானியங்கி நிறுத்தத்தில் தயங்க வேண்டாம் என்பது என் கருத்து. 40 டிகிரியில் நீங்கள் நிறுத்தாவிட்டால் சர்வர் தன் உள் வெப்பத்தைப் பார்த்துத் தானே நின்றுகொள்ளும். நீங்கள் நிறுத்தினால் தரவுத்தளம் ஒழுங்காக மூடப்பட்டு நிற்கும். அதுவாக நின்றால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். உங்களுக்கு நடந்ததும் அதுதானே?

கருவிக்கூடம் எழுதியது:

மருத்துவமனை என்பதால் இதில் ஒரு படி மாறுபடுகிறேன். ஒரு சென்சார் 40 காட்டியது என்பதற்காக ஆய்வக முடிவுகளின் சர்வர் நள்ளிரவில் நிற்கக் கூடாது. ஆலைகளில் ஓர் இயக்கத்தைத் தானாக நிறுத்தும் முடிவை ஒற்றைச் சென்சாரிடம் விடுவதைத் தவிர்ப்போம். மூன்றில் இரண்டு ஒத்துப்போக வேண்டும். முன்பக்கச் சென்சார்கள் இரண்டில் ஒன்றாவது ஒத்துப்போகட்டும். சர்வரின் மேலாண்மைச் சில்லு காட்டும் உள்ளிழுப்பு வெப்பநிலையும் அதையே சொல்லட்டும். அதுவும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டாம். 36இல் சோதனைச் சர்வர்களும் காப்புப்பிரதிக் கருவியும் நிற்கட்டும். அவை நிற்பதாலேயே சுமை குறைந்து வெப்பம் ஏறும் வேகம் தணியும். மீதமுள்ளவற்றுக்கு அவகாசம் கிடைக்கும். 38இல் பழைய படங்களின் சேமிப்பகம். நோயாளிப் பதிவும் ஆய்வகமும் கடைசி. அவற்றை நிறுத்துமுன் இரவுப்பணி மருத்துவருக்கும் தலைமைச் செவிலியருக்கும் பத்து நிமிட அறிவிப்பு போக வேண்டும். அவர்கள் தாள் பதிவுக்கு மாறிக்கொள்ள அந்த நேரம் தேவை.

லண்டனில் அதே 2022 ஜூலை 19 அன்று கய்ஸ், செயின்ட் தாமஸ் ஆகிய இரண்டு பெரிய மருத்துவமனைகளின் தரவு மையங்கள் குளிரூட்டல் இன்றி ஒரே நாளில் விழுந்தன. நூற்றுக்கணக்கான பயன்பாடுகள் நின்றன. மருத்துவர்கள் தாளில் எழுதினார்கள். முழுமையாக மீளப் பல வாரங்கள் ஆயின. ஒன்று போனால் மற்றொன்று என்று நினைத்து வைத்த இரண்டு மையங்களுக்கும் ஒரே வெயில்தான். உங்கள் இரண்டு ஏசிகளும் ஒரே டைமரை நம்பியிருந்தது அதே வகைக் கோளாறு.

மின்பணியாளர் எழுதியது:

படிப்படியாக நிறுத்துவதை ஏற்றுக்கொள்கிறேன். கடைசிப் படியைத் தவிர்க்க மட்டும் சம்மதிக்க மாட்டேன். பத்து நிமிட அறிவிப்புக்குப் பின் அதுவும் தானாகவே நடக்க வேண்டும்.

பேட்டரியையும் மறந்துவிடாதீர்கள். அடைப்பு வகை ஈய அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகிறது. அன்று 46 டிகிரியில் கிடந்த பேட்டரிகளைச் சுமை கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். ஏசியின் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டு ரேக்கின் மேல் சொட்டுவதும் நம் ஊரில் அடிக்கடி நடப்பது. ஏசிக்கு நேர் கீழே ஒரு நீர்க்கசிவுச் சென்சார் கயிற்றை ஓட்டுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருடைய ஆலோசனையையும் தொகுத்து நிர்வாகத்திடம் கொடுத்தேன்; ஒப்புதல் கிடைத்துவிட்டது. இரண்டு ஏசிகளையும் வெவ்வேறு டைமரில் பிரித்துவிட்டோம். மூன்று வெப்ப சென்சார்கள், இரண்டு மின்னோட்ட சென்சார்கள், ஒரு நீர்க்கசிவுக் கயிறு, 4ஜி மோடம், வெளியில் ஒரு வாடகை சர்வர் ஆகியவற்றோடு தொடங்குகிறோம். யுபிஎஸ்ஸின் எஸ்என்எம்பி கடவுச்சொல் இன்னும் "பப்ளிக்" என்றே இருந்தது. அதை மாற்றி, மேலாண்மைக் கருவிகளையெல்லாம் தனி வலையமைப்பில் பிரித்துவிட்டோம்.

எங்களுக்குத் தோன்றிய ஒன்றையும் சேர்த்திருக்கிறோம். இரவில் அறைக்கு இரண்டு நிமிடத்தில் வரக்கூடியவர் வாசலில் இருக்கும் காவலர் ஒருவர்தான். எங்களில் மிக அருகில் வசிப்பவருக்கும் இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஆகவே 34 டிகிரியில் காவலர் அறையில் ஹூட்டர் ஒலிக்கும். அவருடைய கைபேசிக்குத் தமிழில் செய்தி வரும். தமிழ்க் குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான் வரம்பு. கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கில் வருவதால் வாசகத்தைச் செதுக்க வேண்டியிருந்தது. "சர்வர் அறை வெப்பம் 34. ஏசி 2 நிற்கிறது. உடனே பார்க்கவும்." என்பது அதற்குள் அடங்குகிறது. அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறோம்: கதவைத் திறந்து வைக்கவும், இரண்டு ஏசிகளின் ரிமோட்டிலும் சிவப்புப் பொத்தானை அழுத்தவும், மூலையில் இருக்கும் நின்று சுழலும் மின்விசிறியை வாசலை நோக்கித் திருப்பிப் போடவும், ரேக்கில் எதையும் தொட வேண்டாம், பிறகு கீழே உள்ள எண்ணுக்கு அழைக்கவும். காவலர்கள் மூவரையும் அழைத்து வந்து ஒவ்வொருவரையும் தனியாகச் செய்து காட்டச் சொன்னோம். ரிமோட்டுகள் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதாக அவர்களில் ஒருவர் சொன்னதால் அவற்றில் 1, 2 என்று பெயின்ட்டால் எழுதிச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம்.

தாமிரபரணி எழுதியது:

காவலரைச் சேர்த்தது மிகச் சரியான முடிவு. இனி மாதம் ஒருமுறை சோதனையை நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். சென்சாரை வெந்நீர்க் குவளைக்கு அருகில் பிடித்து 34ஐத் தாண்டச் செய்து, ஹூட்டர் ஒலித்ததா, அழைப்பு வந்ததா, எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போனதா என்று கடைசி வரை பாருங்கள். இன்னொரு நாள் கண்காணிப்புக் கருவியின் மின்சாரத்தையே பிடுங்கிவிட்டு, பதினைந்து நிமிடத்தில் வெளி சர்வர் அழைக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மோடத்தின் சிம் ப்ரீபெய்டா? அதன் ரீசார்ஜ் காலம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு எச்சரிக்கை வர ஏற்பாடு செய்யுங்கள், அந்த எச்சரிக்கை அந்த சிம் வழியாக வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

ப்ரீபெய்டாகத்தான் இருந்தது. மருத்துவமனையின் பெயரில் போஸ்ட்பெய்டுக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். கட்டணம் மற்ற தொலைபேசிக் கட்டணங்களோடு கணக்குப் பிரிவிலிருந்தே போய்விடும். முதல் மாதச் சோதனையை அடுத்த பராமரிப்பு மின்தடை நாளன்றே வைத்திருக்கிறோம். ஜெனரேட்டரிலிருந்து வாரிய மின்சாரத்துக்கு மாறும் நேரத்தில் அறைக்குள் ஒருவரும் காவலர் அறையில் ஒருவரும் இருப்போம். அன்று பதிவாகும் வெப்பநிலை வரைபடத்தை இங்கே இணைக்கிறேன்.